முப்பத்திரண்டாவது மரணம்

அத்தியாயம் 5

முதல் நான்கு அத்தியாயங்களைத் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் ஒரு பூனை தொலைந்தது, அதே பூனை கிடைத்தது, ஜாபிர் தன்னுடைய ஓட்டோவுக்கு இரண்டு தடவை பெற்றோல் அடித்தான். உருப்படியான வழக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு தொடர்மாடி. வழக்கு ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது.

"மெடம், எழுபத்தொம்பது வயசு மனுசி டெய்லி இதுல ஏறி எறங்குறாங்களா?" மூன்றாம் மாடியில் ஜாபிர் கைப்பிடியில் தொங்கினான். "எனக்கு நாப்பத்தாறு. என்ட மூச்சு ரெண்டாம் மாடியிலயே நிண்டுட்டு."

"நீர் வாயால ஏறுறீர். காலால ஏறிப் பாரும்," என்றாள் ஜெகதீஸ்வரி, திரும்பிப் பார்க்காமல்.

துப்பறியும் ஜெகதீஸ்வரி ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருபத்திரண்டு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவள். செத்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் உண்மையாகவே செத்தார்களா என்று போய்ப் பார்த்து வருவது அவளுடைய வேலை. பதினேழு பேரை உயிரோடு பிடித்திருக்கிறாள். அதில் ஒருவர் தன்னுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வீட்டில் தானே நின்று பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். ஜாபிர் முன்னாள் சுற்றுலா வழிகாட்டி. வெள்ளைக்காரர்களுக்குக் கதை அளந்து பழகிய வாய், துப்பறிய வந்த பிறகும் ஓயவில்லை. ஓட்டோ அவனுடையது, அதனால் அவனை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது.

கதவைத் திறந்தவர் காலை பத்து மணிக்கே முழு மேக்கப்பில் இருந்தார்.

"ஆன்ட்டி, நாங்க வந்து..." என்று ஜாபிர் தொடங்கினான்.

"மிஸ்," என்றார் அவர். "மிஸ் சந்திரவதனி."

ஒரு காலத்தில் கொழும்பில் அந்தப் பெயருக்குக் கூட்டம் கூடியது. கொட்டாஞ்சேனையில் இராமலெட்சுமியாகப் பிறந்து, பதினெட்டு வயதில் சந்திரவதனியாகி, தமிழிலும் சிங்களத்திலுமாக இருபத்திரண்டு படங்களில் நடித்தவர். சிங்களப் படங்களில் குரல் வேறு யாருடையதோ. அழுகை மட்டும் எல்லாப் படத்திலும் சொந்த அழுகை. அவர் அழுதால் டிக்கெட் கிழிக்கிறவனும் சேர்ந்து அழுவானாம்.

சுவரில் மூன்று கல்யாணப் படங்கள் வரிசையாகத் தொங்கின. மூன்றிலும் மணமகள் ஒருவரே. மாப்பிள்ளைகள்தான் மாறியிருந்தார்கள்.

"எங்கட வாப்பாக்கு மூணு சைக்கிள் கூட ஈக்கல்ல," என்று ஜாபிர் முணுமுணுத்தான்.

"முதலாமவர் சண்முகராஜா, டைரக்டர்," சந்திரவதனி ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். "ஒரே சீன பதினஞ்சு தடவ எடுத்தாரு. பதினாறாவது தடவ கல்யாணத்துக்குக் கேட்டாரு. எழுபத்தோராம் வருஷம் மாரடைப்பு. இந்தா டெத் சேர்டிபிகேட். ரெண்டாமவர் சிவபாலன், கெமராமேன். என்னோட இடது பக்கம் சரியில்லன்னு பன்னெண்டு வருஷம் சொன்னாரு. நானே டிவோர்ஸ் குடுத்தேன். இந்தா கோர்ட்டுப் பேப்பர்."

மூன்றாவது கடதாசி வரவில்லை. அதற்குப் பதிலாகக் கைக்குட்டை வந்தது.

"மூணாமவர் அலோசியஸ். வில்லன் நடிகர். முப்பத்தியொரு படத்துல நடிச்சாரு, முப்பத்தியொண்ணுலயும் செத்தாரு. வேதக்காரர்தான், சர்ச்சுக்குப் போறவரு, ஆனா எனக்காக நெத்தி நெறைய திருநீறு பூசிட்டு வந்து, கொட்டாஞ்சேனை அம்மன் கோயில்ல தாலி கட்டுனாரு. பதிவும் பண்ணுனோம். தொண்ணூத்திநாலுல இத்தாலிக்குப் போனாரு, ஒரு கடுதாசியும் இல்ல. ரெண்டாயிரத்தொண்ணுல பேப்பரத் தெறக்கிறேன், அவரோட படம் மரண அறிவித்தல்ல கெடக்கு."

"மரணச் சான்றிதழ்?"

"அதுதாம்மா இல்ல. தூதரகத்துல கேட்டா அப்படி ஒருத்தர் சாகவே இல்லங்கிறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? நம்ம கலைஞர் சங்கத்துல இரங்கல் கூட்டமே வச்சாங்க. எட்டுப் பேர் பேசுனாங்க."

"இப்ப அது என்னத்துக்குத் தேவை?"

சந்திரவதனியின் முகம் பவுடருக்கு உள்ளேயே சிவந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்."

ஜாபிர் வாயைத் திறந்தான். ஜெகதீஸ்வரி அவன் காலை மிதித்தாள்.

மாப்பிள்ளை கீழ்மாடிக் கிருபாகரன். யாழ்ப்பாணத்துக்காரர், மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற தபாலதிபர், வயது எண்பத்தொன்று. இருபத்தொரு வருடமாக இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். வருகிற இருபத்துநான்காம் திகதி அவருக்கு இருதய ஒப்பரேஷன்.

"போன மாசம் அவர ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. ஃபோர்ம்ல 'நோயாளிக்கு என்ன உறவு'ன்னு ஒரு கட்டம். நான் 'தெரிந்தவர்'ன்னு எழுதுனேன். வேற என்னத்த எழுத? ஆறு மணிக்கு மணியடிச்சதும், தெரிஞ்சவங்க எல்லாம் வெளிய போங்கன்னாங்க. அந்த மனுஷன் கட்டில்ல இருந்து என்னையே பாத்துட்டு இருந்தாரு." அவர் கைக்குட்டையைக் கசக்கினார். "இந்தத் தடவ அந்தக் கட்டத்துல நான் 'மனைவி'ன்னு எழுதணும். மூணாவது புருஷன் செத்த பேப்பர் இல்லாம எழுத மாட்டேன்னு பதிவாளர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அலோசியஸ் செத்துட்டாருன்னு எனக்கு நிரூபிச்சுக் குடுங்க."

ஜெகதீஸ்வரியின் தொழிலில் இதுவரை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. இவ்வளவு காலமும் அவள் நிரூபித்ததெல்லாம் இதற்கு நேர்மாறு.

சந்திரவதனி ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார். உள்ளே இருபத்துநான்கு பத்திரிகைத் துண்டுகள். முதலாவது மரண அறிவித்தல். மீதி இருபத்துமூன்றும் வருடா வருடம் வந்த நினைவஞ்சலிகள். யாரோ ரசிகர் போடுகிறார் என்று அவர் நினைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் அது வரும் நாளன்று, தாலி கட்டிய அதே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து அழுதுவிட்டு வருவாராம்.

ஜெகதீஸ்வரி துண்டுகளை மேசையில் பரப்பினாள். இரண்டு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"ஜாபிர், இதை வாசியும். ரெண்டாயிரத்திரண்டு."

"'அன்னாரின் முதலாம் ஆண்டுத் திவசம். நடிகர் அலோசியஸ். திதி: பங்குனி அபரபக்க நவமி.'"

"திகதி?"

"மார்ச் பதினேழு."

"ரெண்டாயிரத்துமூண்டு?"

"அபரபக்க நவமி. மார்ச் பதினேழு. ரெண்டாயிரத்துநாலு, நவமி, பதினேழு. எல்லாம் பதினேழுதான் மெடம். நல்ல ஒழுங்கான ஆள்."

"ஒழுங்கில்லை, பிழை. என்ர அப்பாவின்ர திவசம் ஒரு வருசம் மாசி முடிவில வரும், மற்ற வருசம் பங்குனி நடுவில வரும். திதி எண்டால் நிலாவின்ர கணக்கு, அது ஒரு திகதியில குந்தி இராது. திவசம் குடுக்கிற எந்த வீட்டுக்காரனுக்கும் இது தெரியும். இருபத்துமூண்டு வருசமா நவமி பதினேழாந் திகதியை விட்டு அசையேல்லை எண்டால், இதைப் போடுறவர் வாழ்க்கையில ஒரு திவசமும் குடுக்காதவர். பேப்பரில பக்கத்துப் பெட்டியில கிடந்த ஆரோ ஒராளின்ர திதியைப் பாத்து எழுதியிருக்கிறார்."

"எங்கட நோம்பும் அப்படித்தானே. வருஷம் பத்து நாள் முன்னுக்கு வரும்."

"அதுதான்! சிங்கள ஆக்களுக்குப் பௌர்ணமிப் போயா. அதுவும் நிலா. இந்தக் கொழும்பில நாலு சமயம் இருக்கு, மூண்டு சமயம் நிலாவைப் பாத்துத்தான் நடக்குது. அப்ப மிச்சம் ஆர்?"

"வேதக்காரங்க." ஜாபிர் விரல் நீட்டினான். "ஆனா மெடம், ஈஸ்டரும் நிலாக் கணக்குத்தானே?"

"ஈஸ்டருக்குக் கலண்டரில சிவப்பு அடிச்சிருக்கும். ஆர் அண்ணாந்து பாக்கினம்?" அவள் துண்டுகளை வருட வரிசையில் அடுக்கினாள். "இன்னொண்டையும் பாரும். ரெண்டாயிரத்திரண்டில 'நடிகர்'. ஆறில 'பிரபல நடிகர்'. பதினொண்டில 'கலைச்சுடர்'. பதினாறில 'கலைச்சிகரம்'. போன வருசம் 'முடிசூடா நடிப்புச் சக்கரவர்த்தி'. செத்த பிறகு ஒராள் இவ்வளவு முன்னேறினதை நான் காணேல்லை."

ஜாபிரின் முகத்தில் ஒரு சந்தேகம் மெல்ல எழுந்தது. "மெடம், எனக்கு ஒண்டு தோணுது..."

"எனக்கும் அதே ஒண்டுதான் தோணுது. வாயை மூடும்," என்று சொல்லிவிட்டு, பத்திரிகை விளம்பரப் பகுதியில் வேலை செய்யும் தன் சிநேகிதி மிதுனாவுக்குப் போன் எடுத்தாள். ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்தது. அந்த நினைவஞ்சலி ஒவ்வொரு வருடமும் கொட்டாஞ்சேனை முகவர் ஒருவர் ஊடாக வருகிறது. கடையின் பெயர் சப்ரி கொமியுனிகேஷன்.

"நானும் வர்றேன்," என்றார் சந்திரவதனி. மறு பேச்சுக்கு இடமில்லாமல் கறுப்புக் கண்ணாடி, தலையில் ஸ்காஃப், கையில் விசிறி என்று புறப்பட்டார். "கொட்டாஞ்சேனையில என்னைய அடையாளம் கண்டா கூட்டம் கூடிரும்."

வழி முழுக்க ஒருவரும் அடையாளம் காணவில்லை. கொள்ளுப்பிட்டி சிக்னலில் கண்ணாடியைக் கழற்றினார். கோட்டையில் ஸ்காஃபை அவிழ்த்தார். கொட்டாஞ்சேனை வந்தபோது பாதி உடம்பு ஓட்டோவுக்கு வெளியே இருந்தது. கடைசியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சந்திரவதனி தலைமயிரைச் சரிசெய்தார். பொலிஸ்காரர் சிங்களத்தில் ஜாபிரிடம், வயதான அம்மாவை உள்ளே தள்ளி உட்கார வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கடை வரும்வரை அவர் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

சப்ரியின் கடை ஒரு ஆள் அகலம். போட்டோகொப்பி, லெமினேட்டிங், ரீலோட், பாஸ்போட் படம், பத்திரிகை விளம்பரம் எல்லாம் அந்த அகலத்துக்குள்ளேயே நடந்தன. ஓட்டோவின் மழைச் சீலையை இறக்கிவிட்டு, சந்திரவதனியை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

"கஸ்டமர்ட பேர் சொல்ல ஏலா," என்றான் சப்ரி. "எங்கட பிஸ்னஸே நம்பிக்கைலதான் ஓடுது."

"சப்ரி, ஒன்ட மச்சினன்ட கல்யாணத்துக்கு இருவத்தஞ்சு பேர ஒரே ஓட்டோல மூணு ட்ரிப்ல கொண்டு போன ஆள் நான்," என்றான் ஜாபிர்.

"அதுக்காக?"

"பெயர் வேண்டாம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "ஆள் எப்பிடி? அதைச் சொன்னால் போதும்."

சப்ரி யோசித்தான். பெயரைக் காப்பாற்றினால் நம்பிக்கையைக் காப்பாற்றியது போலத்தான் என்று தோன்றியிருக்க வேண்டும். "வயசான ஆள். தொல்லை புடிச்ச ஆள். படம் கறுப்பா விழுந்துட்டு எண்டு போன வருஷம் பேப்பரோட வந்து சண்ட. அதுக்கு முந்தின வருஷம் மீச சரியா தெரியல்ல எண்டு சண்ட. செத்தவருக்கு மீச தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

"இந்த வருச விளம்பரம்?"

"காலையில குடுத்துட்டுப் போனாரு. இந்தா." புதிய பட்டம் 'அண்டம் போற்றும் நடிப்புச் சக்கரவர்த்தி' என்றிருந்தது.

ஜெகதீஸ்வரி ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சப்ரியிடம் நீட்டினாள். "அவருக்குப் போன் எடுத்து இதை மட்டும் வாசியும். ஸ்பீக்கரில போடும்."

சப்ரி வாசித்தான். "சேர், பேப்பர்லேருந்து சொன்னாங்க. இந்த வருஷம் சக்கரவர்த்தி எல்லாம் போட ஏலாதாம். 'துணை நடிகர்' எண்டுதான் போடுவாங்களாம். படமும் இல்லையாம்."

அந்தப் பழைய போனின் ஸ்பீக்கர் நடுங்கும்படி ஒரு குரல் வந்தது.

"துணை நடிகரா? எவன்டா சொன்ன? நில்லு, வாறன்!"

"தம்பியோ, பிள்ளையோ, ரசிகரோ எண்டால், 'சரி, எப்பிடியாவது போடுங்கோ' எண்டிருப்பினம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "இப்பிடிக் கொதிக்கிறதுக்கு உரிமை உள்ளவர் ஒரே ஒராள்தான்."

ஏழு நிமிடத்தில் கொச்சிக்கடைப் பக்கத்திலிருந்து அவர் வந்தார். நடந்து அல்ல, ஓடி. எண்பத்திரண்டு வயது இருக்கும். தலைமயிரும் மீசையும் சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு. கழுத்தில் மடித்த ஸ்காஃப், கக்கத்தில் ஒரு தோல் பை.

"மெடம்," என்றான் ஜாபிர் மெதுவாக, "செத்துப்போன மர்ஹூம் ஓடி வாராரு."

வந்தவர் கடைப் படியில் கால் வைத்தார். அதே நேரம் அவருக்குப் பின்னால் ஓட்டோவின் மழைச் சீலை விலகியது.

"அலோ?"

திரும்பியவர் முகத்தில் நிறம் வடிந்தது. கண் மேலே செருகியது. வலது கை நெஞ்சைப் பிடித்தது. ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் இருந்த சீமெந்துத் தரையைத் தவிர்த்து, உள்ளே அடுக்கியிருந்த போட்டோகொப்பிக் கடதாசிக் கட்டுகளின் மேல் பொத்தென்று சாய்ந்தார்.

"அல்லாவே! அம்பியூலன்ஸ்!" சப்ரி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பதற்றத்தில் தானே குடித்தான்.

சந்திரவதனி மட்டும் பதறவில்லை. இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, விழுந்து கிடந்தவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எந்திரி. இடது காலு ரெண்டு தடவ துடிக்கணும். ஒரு தடவதான் துடிச்சிருக்கு."

கடையில் எல்லோரும் இடது காலைப் பார்த்தார்கள். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு இரண்டாவது தடவை துடித்தது.

"முப்பத்தியொரு படத்துலயும் இப்படித்தான் செத்த," என்றார் சந்திரவதனி. "ஒண்ணுல கூட மாத்திச் சாகல்ல."

அலோசியஸ் ஒரு கண்ணைத் திறந்தார். "டைரக்டர்மார் ஒருத்தனும் மாத்தச் சொல்லல்லையே."

சிரிப்பு அடங்கியதும் ஜெகதீஸ்வரிக்குத்தான் முதலில் கணக்கு உறைத்தது. பதினெட்டாவது ஆளை உயிரோடு பிடித்தாயிற்று. ஆனால் கூலி கொடுப்பவர் கேட்டது பிணத்தை அல்லவா!

"அம்மா," என்றாள் தயங்கி, "இவர் உயிரோட இருந்தால் நீங்கள் இன்னும் இவரின்ர மனுசிதான். வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து நடக்காது. இனி வழக்குப் போட்டு, விவாகரத்து எடுத்து... ஒரு வருசமாவது போகும்."

சந்திரவதனி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வருடம். ஒப்பரேஷனுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. மேக்கப்புக்கு உள்ளே இருந்த எழுபத்தொன்பது வயது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

"செத்தும் கெடுத்தான், இருந்தும் கெடுத்தான்," என்றார். "ஆறு மணிக்கு மணியடிச்சா இந்தத் தடவையும் நான் வெளிய போகணும். அவரு உள்ள தனியா கெடக்கணும். அப்படித்தானே?"

அவர் அழவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

கடதாசிக் கட்டுகளின் மேலிருந்து ஒரு இருமல் கேட்டது.

"வதனி, நீ பேப்பர்ல ஒம்பதாம் பக்கம் வாசிக்கிறதில்லையா?"

"மரண அறிவித்தல் பத்தாம் பக்கம்தானே. நான் அத மட்டும்தான் பாக்கிறது."

"எனக்கும் அது தெரியும். அதனாலதான் ஒம்பதாம் பக்கத்துல போட்டன்."

அவர் தோல் பையைத் திறந்தார். உள்ளே அவருடைய இருபது வயதுப் படங்கள் ஒரு கட்டு. அடியில், ஓரம் மஞ்சளாகிப்போன, லெமினேட் செய்யப்பட்ட ஒரு கடதாசி. ஜெகதீஸ்வரி அதைப் பறித்துப் படித்தாள். படித்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"தொண்ணூற்றாறாம் ஆண்டு. கொழும்பு மாவட்ட நீதிமன்றம். விவாகரத்துத் தீர்ப்பு!"

"இத்தாலிக்குப் போறன் எண்டு சொல்லிட்டு நான் போனது இந்தா பக்கத்துல ஹெந்தளைக்கு. என்ட தங்கச்சி வீட்டுக்கு," அலோசியஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாக்ரெட் எண்டு ஒரு நேர்ஸ். அவவுக்கு இத்தாலியில வேல கெடச்சிச்சி, நானும் கூடப் போக இருந்தன், கடைசியில அவ மட்டும் போனா. உனக்கிட்ட முகத்துக்கு நேரா சொல்லப் பயம். நீ அழுவ. நீ அழுதா நான் போக மாட்டன். அதனால உன்ட விலாசம் தெரியாது எண்டு கோர்ட்டுல பொய் சொல்லி, பேப்பர்ல அறிவித்தல் போட்டு முடிச்சன். எண்டைக்காவது நீ கண்டு புடிச்சா காட்டிட்டு ஓடலாம் எண்டு பையிலயே வச்சிருக்கன்."

"இருபத்தெட்டு வருஷமாவா?" என்றார் சந்திரவதனி.

"ரெண்டு தடவ மறு லெமினேட்டும் பண்ணின," என்றான் சப்ரி. "நான்தான் பண்ணிக் குடுத்த."

"லெமினேட் பண்ணினதைப் பதிவாளர் எடுக்கமாட்டார்," ஜெகதீஸ்வரியின் குரலில் உயிர் திரும்பியிருந்தது. "ஆனால் வழக்கு இலக்கம் இருக்கு. நாளைக்கே கோர்ட்டில புதுப் பிரதி எடுக்கலாம். அம்மா, நீங்கள் விதவையில்லை. தொண்ணூற்றாறிலயே விடுபட்டவர். வெள்ளிக்கிழமை எழுத்து நடக்கும்!"

சந்திரவதனி அந்தக் கடதாசியை வாங்கவில்லை. அலோசியஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்ததா ஒரு தடவ போட்டா போதாதா? எதுக்கு இருபத்திநாலு தடவ?"

அலோசியஸ் பேசியபோது அது வில்லன் குரலாக இல்லை.

"முதல் தடவ உனக்காகத்தான். ஒரு பேட்டியில, அவரு வருவாருன்னு காத்திருக்கன் எண்டு சொல்லியிருந்த. இனிக் காத்திருக்க வேணாம் எண்டு போட்டன். அடுத்த வருஷம், அதே நாள், நீ கோயிலுக்கு வருவியோ எண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூக்கடையில நிண்டு பாத்தன். நீ வந்த. அழுத." அவர் மூக்கை உறிஞ்சினார். "நான் முப்பத்தியொரு படத்துல செத்தன் வதனி. ஒருத்தன் அழுததில்ல. நான் விழுந்தா தியேட்டர்ல விசில் அடிப்பானுங்க, கச்சான் கடலைக் கோதை எறிவானுங்க. என்ட சாவுக்கு அழுத ஒரே ஆள் நீ. அதப் பாக்கத்தான் வருஷா வருஷம் காசு குடுத்து செத்தன். பேப்பர்ல வந்தாத்தானே நீ வருவ."

சப்ரி கண்ணைத் துடைத்தான். ஜாபிர் ஓட்டோச் சாவியை ஆராய்ந்தான். ஜெகதீஸ்வரி, பதினேழு போலிப் பிணங்களைப் பிடித்தவள், அந்த லெமினேட் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இந்த இடத்தில் சந்திரவதனி அழுதிருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர் சங்கடமாக நெளிந்தார்.

"அலோ, ஒண்ணு சொல்றேன், கோவிக்காத. மொத வருஷம் நெசமாத்தான் அழுதேன். ரெண்டாவது வருஷமும் கொஞ்சம் வந்துச்சு. மூணாவது வருஷத்துல இருந்து... நடிப்பு."

"என்ன?"

"கிருபா கீழ்மாடிக்குக் குடி வந்தது அப்போதான். வெள்ளவத்தையில மூணு கல்யாணம் கட்டுன நடிகை ஒருத்தி, கீழ்மாடி ஆம்பிளையோட சும்மா வெளிய போக முடியுமா? ஊரு வாயி சும்மா இருக்குமா? புருஷனோட நெனவு நாளுக்குக் கோயிலுக்குப் போறேன், வயசான மனுசிக்குத் துணையா வர்றாருன்னா ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க. வருஷத்துல அந்த ஒரு நாள். அர்ச்சனை முடிஞ்சு ரெண்டு பேரும் தோசை சாப்பிட்டு, காலிமுகத்திடல்ல காத்து வாங்கிட்டு, பொழுது போனப்புறம் வருவோம். பேப்பர் வரலன்னா எனக்குப் போறதுக்குக் காரணமே இல்ல. பங்குனி பொறந்தா, எங்க இந்த வருஷம் அந்த ரசிகன் மறந்துருவானோன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அலோசியஸ் எழுந்து உட்கார்ந்தார். "அந்த வெள்ளச் சட்ட மனுசன்? செருப்புப் பக்கத்துல நிப்பாரே? நான் உன்ட டிரைவர் எண்டு நெனச்சன்."

"டிரைவர் எண்டா கேவலமா மாஸ்டர்?" என்றான் ஜாபிர்.

அலோசியஸ் காதில் அது விழவில்லை. மனதுக்குள் ஒவ்வொரு வருடமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கடை, கோயில் வாசல், தூணைப் பிடித்துக்கொண்டு சந்திரவதனி குலுங்கிக் குலுங்கி அழுதது. எல்லாம் நடிப்பு. முகத்தில் ஏமாற்றம் வந்தது. அதற்குப் பின்னால் வேறு ஏதோ வந்தது.

"ஒரு வருஷம் கூட எனக்குத் தெரியல்ல," என்றார் கடைசியில். "நானும் நடிகன். முப்பது அடி தூரத்துல நிண்டு பாத்தன். தெரியல்ல. பெரிய நடிகை நீ."

சந்திரவதனி நிமிர்ந்தார். வழியில் எத்தனை தெரு அடையாளம் காணத் தவறியதோ, அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் சரியாகிவிட்டது. "தேங்க்ஸ்," என்றார், உண்மையான வெட்கத்துடன்.

"அப்ப இந்த வருஷ விளம்பரம்?" சப்ரி இழுத்தான்.

"கிழிச்சுப் போடு," என்றார் அலோசியஸ். "எனக்கொரு பிளேன்டீ சொல்லு."

ஜெகதீஸ்வரி சப்ரியின் போனைச் சந்திரவதனியிடம் கொடுத்து, கிருபாகரனின் இலக்கத்தை அழுத்தச் சொன்னாள். ஸ்பீக்கர் போட்டபடியே இருந்தது. யாரும் அதை நிறுத்தும்படி சொல்லவில்லை.

"ஹலோ, ஆர் கதைக்கிறது? வதனியே? சாப்பிட்டனீங்களே?"

"கிருபா, பேப்பர் கெடச்சிருச்சு. வெள்ளிக்கிழமை கல்யாணம்."

"மனுசன் செத்த பேப்பரோ?"

"இல்ல. அவரு சாகல்ல. பக்கத்துல உக்காந்து பிளேன்டீ குடிக்கிறாரு. தொண்ணூத்தாறுலயே எங்கள வெட்டி விட்டுட்டாங்களாம்."

மறுமுனையில் யாரோ கதிரையில் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. எண்பத்தொரு வயது இருதயம், ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கிற இருதயம். ஜெகதீஸ்வரி பயந்துபோய் போனுக்குக் கிட்டப் போனாள்.

"அப்ப," என்றார் கிருபாகரன், ஒவ்வொரு சொல்லாக, "வாற திங்கள் பதினேழாந் திகதி... நாங்கள் கோயிலுக்குப் போறேல்லையோ?"

அந்தக் குரலில் இருந்த கவலை கடையில் நின்ற ஐந்து பேருக்கும் கேட்டது. சந்திரவதனிக்கு இப்போது கண் நிறைந்தது. மேக்கப் கரைந்து வழிந்தபோது அவர் துடைக்கவே இல்லை.

"போறோம் கிருபா. கட்டாயம் போறோம். நான் அழுது முடியிற வரைக்கும் நீங்க செருப்புப் பக்கத்துல நிக்க வேணாம். இந்தத் தடவ ரெண்டு பேருமா உள்ள போவோம்."